பத்தாம் குரோமோசோமில் ஓர் எழுத்து

1981-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. டேவிட் பைக் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் தேடிச் சேர்த்த 200 ஜோடி இரட்டையர்களைப் பற்றியது. எல்லோரும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்காவது சர்க்கரை நோய். இன்னொருவருக்கும் வந்ததா என்பதுதான் கேள்வி. சிறு வயதிலேயே வந்து, இன்சுலின் ஊசி இல்லாமல் உயிர் தரிக்க முடியாத வகை 147 ஜோடிகளில் இருந்தது. அவற்றில் இருவருக்கும் நோய் வந்தது 80 ஜோடிகளில் மட்டும். நடுவயதை ஒட்டி மெல்ல வந்து சேரும் வகை 53 ஜோடிகளில் இருந்தது. அவற்றில் 48 ஜோடிகளில் இருவருக்கும் வந்திருந்தது.

சாப்பாட்டாலும் உடம்பு பெருத்ததாலும் வருவது என்று பொதுவாகச் சொல்லப்பட்ட நோய்தான் பிறப்போடு அதிகம் ஒட்டியிருந்தது. மருத்துவமனை வழியாக இரட்டையர்களைத் தேடும்போது இருவருக்கும் நோய் உள்ள ஜோடிகளே அதிகம் சிக்கும் என்பதால் இந்த எண்ணிக்கை கொஞ்சம் மிகை. பின்னாளில் டென்மார்க்கிலும் பின்லாந்திலும் பிறப்புப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் இருவருக்கும் நோய் வந்த ஜோடிகளின் பங்கு இதைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனாலும் குடும்பத்தில் ஏதோ ஒன்று இறங்கி வருகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சென்னையில் எம். விஸ்வநாதன் தலைமையிலான குழு 1985-இல், தாய் தந்தை இருவருக்கும் சர்க்கரை நோய் உள்ள வீடுகளின் பிள்ளைகளைச் சோதித்து, அவர்களிடம் நோய் மிக அதிகமாக இருப்பதைக் காட்டியது. வீட்டில் யாருக்காவது சுகர் இருக்கிறதா என்று மருத்துவர் முதலில் கேட்பதற்குப் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது.

இறங்கி வருவது எது, அது எங்கே இருக்கிறது என்பதற்குத்தான் பதில் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் பணியாற்றிய மரபியலாளர் ஜேம்ஸ் நீல், சர்க்கரை நோயை மரபியலாளரின் கெட்ட கனவு என்று வர்ணித்தார். பஞ்ச காலத்தில் உயிர் காத்த சிக்கன மரபணுக்கள்தான் சோறு தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் நோயாகத் திரும்பி வருகின்றன என்ற கருத்தை 1962-இல் முன்வைத்தவர் அவர். கருத்து பரவலாகப் பேசப்பட்டது. அந்த மரபணுக்களைக் கைகாட்டத்தான் யாராலும் முடியவில்லை.

முதல் வெளிச்சம் ஓர் அரிய வகையிலிருந்து வந்தது. சில குடும்பங்களில் இருபத்தைந்து வயதுக்குள்ளேயே, ஒல்லியாக இருப்பவர்களுக்கும், தலைமுறை தவறாமல் சர்க்கரை வரும். மோடி என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்த வகைக்கு ஒரே ஒரு மரபணுவின் பழுது போதும். குளுக்கோகைனேஸ் என்ற நொதிக்கான மரபணுவில் அந்தப் பழுது இருப்பதை 1992-இல் கண்டார்கள். வேறு சில மரபணுக்களும் தொடர்ந்து அகப்பட்டன. இங்கே மரபணுச் சோதனை சொல்லும் வாக்கு திடமானது. எந்த மாத்திரை கொடுப்பது, மருந்தே வேண்டாமா என்பதைக்கூட அதை வைத்துத் தீர்மானிக்கலாம். ஆனால் சர்க்கரை நோயாளிகளில் மோடி உள்ளவர்கள் மிகச் சொற்பம். தெருவுக்குப் பத்துப் பேரைப் பிடித்திருக்கும் நோய் வேறு.

அந்தப் பெரிய நோய்க்கு அப்போது இருந்த வழி, குடும்பங்களை வைத்துத் தேடுவது. நோயுள்ள உடன்பிறப்புகள் குரோமோசோமின் எந்தப் பகுதியை வழக்கத்தைவிட அதிகமாகப் பங்கிட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். இதில் ஊர் தெரியும். தெருவும் வீடும் தெரியாது. ஒரு கோடி எழுத்து நீளமுள்ள வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இருக்கலாம். டெக்ஸாஸில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களில் தொடங்கிய தேடல் 2000-இல் கால்பைன்-10 என்ற மரபணுவில் போய் நின்றது. பெரும் பரபரப்போடு வந்த அந்தக் கண்டுபிடிப்பு மற்ற மக்களிடம் ஒரே சீராகத் திரும்பி வரவில்லை. பிறகு உறுதியான ஒன்றிரண்டு மரபணுக்களும் கிடைத்தன. ஆனால் அவை ஒவ்வொன்றும் ஆபத்தைக் கூட்டும் அளவு மிகச் சிறியது. 2005 முடியும்வரை நிலைமை இதுதான். இத்தனை வலுவாகக் குடும்பத்தில் ஓடும் நோய்க்கு மரபணுவில் காட்டக் கிடைத்தது கொஞ்சம்தான் என்பது அந்தத் துறையில் இருந்தவர்களை எவ்வளவு சோர்வடையச் செய்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

இந்த இடத்தில்தான் ஐஸ்லாந்து வருகிறது.

நரம்பியல் மருத்துவரான காரி ஸ்டெஃபான்சன் ஹார்வர்டில் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பி, 1996-இல் ரெய்க்யவிக் நகரில் டிகோட் ஜெனடிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கேயும் நம்மைப் போல அப்பா பெயர்தான் கூட வரும் என்பதால் நாட்டில் எல்லோருக்கும் அவர் காரிதான். அவர் நம்பியது இரண்டு விஷயங்களை. ஐஸ்லாந்தின் ஜனத்தொகை அப்போது மூன்று லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஆயிரத்துச் சொச்சம் வருடங்களாக அதிகம் வெளிக்கலப்பு இல்லாமல் பெருகிய சமூகம். இரண்டாவது, யார் யாருக்குப் பிறந்தார்கள் என்பதை அந்த மக்கள் பல நூற்றாண்டுகளாக எழுதி வைத்திருக்கிறார்கள். ‘ஈஸ்லெண்டிங்காபோக்’ என்ற வம்சாவளிக் கணினித் தொகுப்பில் ஐஸ்லாந்தில் இதுவரை வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் பெயர் உண்டு. நோயாளிகளின் பட்டியலை அதில் பொருத்தினால், தங்களுக்குள் உறவு என்றே அறியாதவர்கள்கூட ஏழெட்டுத் தலைமுறைக்கு முன்னே ஒரே பாட்டன் பாட்டியிடம் போய்ச் சேர்வது தெரிந்துவிடும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். நாட்டு மக்கள் அனைவரின் மருத்துவப் பதிவுகளையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்த்து, அதை நடத்தும் உரிமையைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்குத் தர வழிசெய்யும் சட்டம் 1998 டிசம்பரில் நிறைவேறியது. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவர்கள் எல்லோரும் சம்மதித்ததாகக் கொள்ளப்படும் என்றது சட்டம். ஆயிரக்கணக்கானோர் எழுதிக் கொடுத்தார்கள். இறந்துபோன தன் தந்தையின் பதிவுகள் அதில் சேரக் கூடாது என்று ஒரு மகள் வழக்குப் போட்டார். அப்பாவின் மரபணு விவரம் மகளின் விவரமும்தான் என்பது அந்த வழக்கின் உயிர்நாடி. 2003-இல் ஐஸ்லாந்தின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்தப் பெரிய தரவுத்தளம் கடைசிவரை உருவாகவே இல்லை. சர்க்கரை நோய் ஆய்வு நேரில் சம்மதம் தந்து ரத்தம் கொடுத்தவர்களை வைத்துத்தான் நடந்தது. ஒருவருடைய ரத்தத்தைப் படித்து அவருக்கு வரப்போகும் நோயைச் சொல்லும் முயற்சி எதுவானாலும், அந்த மகள் எழுப்பிய கேள்வி அதோடு கூடவே பிறந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கதையில் அவரை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஐஸ்லாந்துக் குடும்பங்களில் தேடியபோது பத்தாம் குரோமோசோமின் நீண்ட கையில் லேசான ஒரு சமிக்ஞை தெரிந்தது. அதே வட்டாரத்தை டெக்ஸாஸின் சான் ஆன்டோனியோவில் மெக்சிகோ வம்சாவளியினரிடம் செய்த ஆய்வும் 1999-இல் சுட்டியிருந்தது. டிகோட் குழு அங்கே தோண்டத் தீர்மானித்தது. ஸ்ட்ரூவன் கிராண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பிற்பாடு வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர். சுமார் ஒரு கோடியே ஐந்து லட்சம் எழுத்து நீளமுள்ள பகுதியில் 228 அடையாளக் குறிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். டிஎன்ஏ-வில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அந்த இடங்கள்தான் குறிகள். 1,185 நோயாளிகளிடமும் நோயில்லாத 931 பேரிடமும் ஒவ்வொரு குறியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

ஒரே ஒரு குறி எழுந்து நின்றது. அப்படி ஒரு வித்தியாசம் வெறும் தற்செயலாக நேரும் வாய்ப்பு நூறு கோடியில் இரண்டு. முன்பு பல ஆய்வுகள் இப்படி எழுந்து விழுந்ததைப் பார்த்தவர்கள் என்பதால் அதோடு நிறுத்தவில்லை. டென்மார்க்கில் பார்த்தார்கள், அமெரிக்காவில் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் அதே குறி, அதே திசை. 2006 ஜனவரியில் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழ் அதை இணையத்தில் வெளியிட்டது. ஆபத்து வடிவம் ஒரு பிரதி இருந்தால் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, துல்லியமாகச் சொன்னால் 1.45. அப்பா வழியிலும் அம்மா வழியிலுமாக இரண்டு பிரதி இருந்தால் 2.41. ஒரு பிரதி வைத்திருப்பவர்கள் மக்களில் 38 சதவீதம், இரண்டு வைத்திருப்பவர்கள் 7 சதவீதம். இவ்வளவு பரவலான ஒரு வேறுபாடு இவ்வளவு வலுவோடு இருப்பதை அதற்கு முன் இந்த நோயில் யாரும் கண்டதில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. எந்தச் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு அந்த வட்டாரத்துக்குப் போனார்களோ, அந்தச் சமிக்ஞைக்கும் கிடைத்த வேறுபாட்டுக்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை. குடும்பங்களில் தெரிந்த அந்தத் தடயத்தை இந்த வேறுபாட்டால் விளக்க முடியவில்லை என்பதை ஆய்வாளர்களே சொன்னார்கள். தவறான முகவரியோடு போனவர்கள் சரியான வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். அதிர்ஷ்டம் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் 228 குறிகளையும் விடாமல் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் வாய்த்தது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

குறி இருந்த இடம் டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவின் உள்ளே, புரதமாக மாறாத ஒரு நீண்ட இடைவெளியில். சீக்கிரமே அந்த இடைவெளியில் ஒற்றை எழுத்து ஒன்றை அடையாளம் கண்டார்கள். ஆர்எஸ்7903146 என்பது அதன் பதிவு எண். அங்கே ‘சி’ இருந்தால் நல்லது, ‘டி’ இருந்தால் ஆபத்து. இந்த இரண்டில் மனித குலத்தின் ஆதி எழுத்து ‘டி’. ‘சி’ பிறகு வந்தது.

அந்த மரபணு அறிவியலுக்குப் புதிதல்ல. வேறு துறையில் பெயர் வாங்கியிருந்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகம் 1997-98-இல் அதைக் குடலோடு சேர்த்து ஆராய்ந்தது. அந்த மரபணுவை நீக்கிய எலிக்குட்டிகளின் சிறுகுடலில் ஸ்டெம் செல்கள் இல்லாமல் போயின. பிறந்த கொஞ்ச நேரத்திலேயே குட்டிகள் இறந்தன. பெருங்குடல் புற்றுநோயிலும் அதற்கு முக்கியப் பங்கு. குடலுக்கும் புற்றுநோய்க்கும் உரியதாகக் கருதப்பட்ட ஒன்று சர்க்கரை நோய்க்குள் எப்படி வந்தது? டிகோட் குழுவின் முதல் ஊகமும் குடலை ஒட்டியே இருந்தது. சாப்பிட்டதும் குடலில் சுரந்து, இன்சுலினைச் சுரக்கச் சொல்லிக் கணையத்தைத் தூண்டும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனின் உற்பத்தியில் இந்த மரபணு தலையிடுகிறது என்று அவர்கள் நினைத்தார்கள். இன்று ஓசெம்பிக் என்ற பெயரில் பலரும் கேள்விப்படும் ஊசி அந்த ஹார்மோனைப் போலச் செயல்படுவதுதான். ஊகம் அப்படியே நிலைக்கவில்லை. ‘டி’ உள்ளவர்களிடம் ஜிஎல்பி-1 போதுமான அளவு சுரந்தாலும் கணையம் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை என்று அடுத்த வருட ஆய்வுகள் காட்டின. 2010-இல், அந்த எழுத்து இருக்கும் இடம் கணையத் தீவுகளின் செல்களில் திறந்து, வேலைக்குத் தயாராக இருக்கும் டிஎன்ஏ பகுதி என்பதும், இரண்டு எழுத்துகளுக்கும் அந்தத் திறப்பின் அளவு வேறுபடுகிறது என்பதும் தெரிந்தது.

இதன் முக்கியத்துவத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நடுவயதுச் சர்க்கரை நோயை அதுவரை பெரும்பாலும் ‘இன்சுலினுக்கு உடம்பு படியாத நோய்’ என்றே விளக்கினார்கள். தொப்பை, உட்கார்ந்த வேலை, கொழுப்பு எல்லாம் சேர்ந்து தசையையும் ஈரலையும் மரத்துப்போகச் செய்கின்றன, கணையம் ஈடுகொடுக்க முயன்று களைத்துப்போகிறது என்பது வழக்கமான சித்திரம். அது தவறு இல்லை. ஆனால் பரவலான வேறுபாடுகளிலேயே வலிமையான இந்த எழுத்து தொடுவது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை. சுரக்கும் திறனிலேயே பிறவியில் ஒரு குறைச்சல். 2007-இல் பிரான்ஸ், பிரிட்டன், பின்லாந்து, சுவீடன், அமெரிக்கா என்று பல நாட்டுக் குழுக்கள் மரபணுத் தொகுதி முழுவதையும் சிப்புகளில் ஏற்றிச் சலித்தபோது புதிய இடங்கள் பல கிடைத்தன. அவற்றிலும் பெரும்பங்கு பீட்டா செல்லையே சுட்டியது. சலித்த எல்லாக் குழுவிலும் தலையாய இடத்தில் நின்றது டிசிஎஃப்7எல்2. பருமன் இல்லாதவர்களிடம் அதன் செல்வாக்கு இன்னும் கூடுதல் என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் ஊரில் ஒல்லியாக இருந்தும் சர்க்கரை வந்தவர்களைத் தெரிந்தவர்களுக்கு இந்தச் செய்தி சும்மா கடந்து போகாது.

இந்திய ரத்தத்திலும் இது உண்டா என்று பார்க்க அதிக நாள் ஆகவில்லை. 2007-இலேயே புணேயின் கே.இ.எம். மருத்துவமனையில் சித்தரஞ்சன் யாஜ்னிக்கோடு சேர்ந்து ஐதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வு மையத்தைச் சேர்ந்த கிரிராஜ் சாண்டக் குழு பார்த்தது. சென்னையில் வி. மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளையும், ஏறக்குறைய அதே அளவு நோயில்லாதவர்களையும் வைத்துப் பார்த்தது. இரண்டு இடத்திலும் ‘டி’ ஆபத்தோடுதான் நின்றது. தெற்காசியர்களிடம் இந்த எழுத்து சுமார் 30 சதவீதம். ஐரோப்பியர்களின் அளவுக்குக் கிட்டத்தட்டப் பக்கம். ஜப்பானியரிடமும் சீனரிடமும் மிக மிக அரிது. ஆகவே, இந்தியாவில் சர்க்கரை நோய் பெருகியதற்கு இந்த ஒற்றை எழுத்தைக் காரணம் காட்ட வழியில்லை. நம் தாத்தாக்களிடமும் இதே ‘டி’ இதே அளவில்தான் இருந்தது.

கண்டுபிடித்தவர்களுக்கு இதை விற்கும் எண்ணமும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. டிகோட் ஒரு கம்பெனி. 2007 ஏப்ரலில் ‘டிகோட் டி2’ என்ற சோதனை சந்தைக்கு வந்தது: இந்த எழுத்து உங்களிடம் எத்தனை பிரதி என்று சொல்லும். அதே ஆண்டு நவம்பரில் வீட்டிலிருந்தபடியே எச்சில் அல்லது கன்னத்துச் செல் அனுப்பினால் பல நோய்களின் ஆபத்தைச் சொல்லும் சேவைகளை டிகோடும் கலிபோர்னியாவின் ‘23அண்ட்மி’ நிறுவனமும் சில நாள் இடைவெளியில் தொடங்கின. பிறக்கும்போதே எழுதப்பட்டதைப் படித்துவிடலாம் என்ற ஆசை எந்தக் காலத்து மனிதருக்கும் இருக்கும் ஆசைதான். அதைக் குறைசொல்ல மாட்டேன். கேட்க வேண்டியது, படித்தால் என்ன தெரியும் என்பதைத்தான்.

அந்தக் கேள்விக்கு 2008 நவம்பரில் இரண்டு பதில்கள் ஒன்றாக வந்தன, ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில். ஒன்று அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்விலிருந்து. 2,377 பேரை 28 வருடம் தொடர்ந்தார்கள். 255 பேருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்தது. அதுவரை கிடைத்திருந்த 18 வேறுபாடுகளைக் கூட்டி ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் போட்டார்கள். நோய் வரப்போகும் ஒருவரையும் வராத ஒருவரையும் பக்கத்தில் நிறுத்தினால், மதிப்பெண் சரியான ஆளைக் காட்டும் வாய்ப்பு எவ்வளவு? காசைச் சுண்டிப் போட்டாலே 0.5. ஆணா பெண்ணா என்பதை மட்டும் தெரிந்துகொண்டு கணித்தால் 0.534, மரபணு மதிப்பெண்ணைச் சேர்த்தால் 0.581. வயது, எடை, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, குடும்ப வரலாறு என எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு கணித்தால் 0.900. அதோடு 18 மரபணு வேறுபாடுகளையும் சேர்த்தால் 0.901.

ஆயிரத்தில் ஒரு பங்கு. ரெய்க்யவிக்கில் இத்தனை வருடம் தோண்டியதும், நூறு கோடியில் இரண்டு என்ற அந்தக் கம்பீரமான எண்ணும், தனி ஒரு மனிதரின் எதிர்காலத்தைச் சொல்லும் இடத்துக்கு வந்தபோது இவ்வளவாகத்தான் சுருங்கின. கூட்டத்தில் உறுதியாகத் தெரியும் வித்தியாசம் ஒரு தனி மனிதரிடம் வரும்போது கரைந்துவிடுகிறது. ‘டி’ இரண்டு பிரதி இருந்தும் எண்பது வயதுவரை சர்க்கரை வராதவர்கள் ஏராளம். ‘டி’யே இல்லாமல் நாற்பதில் நோயாளி ஆனவர்களும் ஏராளம்.

மோகனின் குழு 2005-இல் உருவாக்கிய இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண்ணை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அதற்கு ரத்தம் வேண்டாம். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா என்ற நான்கு கேள்விகள், மொத்தம் 100. ஐம்பது வயதுக்கு மேல் என்றால் 30, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. கூட்டினால் 60 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே பரிசோதனைக்குப் போக வேண்டும். ஒரு அளவு நாடாவோடு கிராமத்துச் செவிலியர் செய்துவிடக்கூடிய காரியம். குடும்ப வரலாறு என்ற ஒற்றைக் கேள்விக்குள்ளேயே டிசிஎஃப்7எல்2-உம், இன்னும் பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான வேறுபாடுகளும், அந்த வீட்டுச் சமையலும் எல்லாம் அடங்கிவிடுகின்றன. காசு கொடுத்து மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா என்று கேட்கும் நண்பர்களிடம், முதலில் அந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்கிறேன்.

ஆனால் 2008-இல் வந்த இரண்டாவது பதிலைப் பலர் சரியாகக் கவனிக்கவில்லை. சுவீடனின் மால்மோவிலும் பின்லாந்திலுமாக 18,000-க்கு மேற்பட்டவர்களைச் சராசரியாக இருபது வருடங்களுக்கு மேல் தொடர்ந்த ஆய்வு அது. அங்கேயும் மரபணு சேர்த்த லாபம் சொற்பம்தான்: 0.74 என்பது 0.75 ஆனது. ஆனால் நோய் வருவதற்குப் பல வருடம் முன்னே போகப்போக எடையும் சர்க்கரை அளவும் சொல்லும் வாக்கு பலவீனமானது. மரபணுவின் வாக்கு பலப்பட்டது. யோசித்தால் நியாயம்தான். ஐம்பது வயதுக்காரரின் ரத்தச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்றால் நோய் ஏற்கெனவே வாசற்படியில் நிற்கிறது என்று அர்த்தம். அப்போது எந்த எழுத்தும் வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எடையும் சர்க்கரையும் ஒன்றும் சொல்லாது. அங்கே பேசக்கூடியது பிறப்பில் வந்தது மட்டுமே.

சரி, தெரிந்து என்ன செய்வது? இதற்கான பதில் 2006 ஜூலையிலேயே வந்துவிட்டது. பாஸ்டனைச் சேர்ந்த ஹோசே ஃப்ளோரெஸ், அமெரிக்காவில் நடந்த பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் 3,548 பங்கேற்பாளர்களிடம் இந்த எழுத்தைப் பார்த்தார். எல்லோரும் நோயின் விளிம்பில் இருந்தவர்கள். மூன்று வருடத்தில், இரண்டு ‘டி’ உள்ளவர்கள் நோயாளி ஆகும் வேகம் ‘டி’ இல்லாதவர்களைவிட 1.55 மடங்கு. பெற்ற சிகிச்சையை வைத்துக் குழுவாகப் பிரித்தபோது, மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களிடம் 1.81 மடங்கு. எடையில் 7 சதவீதம் குறைத்து வாரம் 150 நிமிடம் நடக்கும் இலக்கு தரப்பட்டவர்களிடம் 1.15, ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். குழுக்களுக்கு நடுவே உள்ள இந்த வேறுபாட்டைப் புள்ளியியல் திடமாக உறுதிசெய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அப்படியிருந்தும் திசை தெளிவு. மோசமான எழுத்தோடு பிறந்தவர்களுக்கும் நடை பலன் தருகிறது. அதே ஆண்டு ஏ. ராமச்சந்திரன் குழு சென்னையில் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவும் வந்தது. 531 பேரைத் தொடர்ந்த அந்த ஆய்வில் உணவையும் நடையையும் சீராக்கியதே நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தது. அங்கே யாருடைய மரபணுவையும் பார்த்துப் பிரித்து அறிவுரை சொல்லவில்லை.

டிகோட் கம்பெனி 2009-இல் திவால் மனு போட்டது. 2012-இல் ஆம்ஜென் மருந்து நிறுவனம் 41.5 கோடி டாலருக்கு வாங்கியது. தேடல் நிற்கவில்லை. 2024-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு உலகெங்கும் 25 லட்சம் பேரைச் சேர்த்துப் பார்த்தது. அவர்களில் நோயாளிகள் மட்டும் 4,28,452 பேர். 611 இடங்களில் 1,289 தனித்தனிச் சமிக்ஞைகள். காரி குழு ஒன்றைக் கண்டு பதினெட்டு வருடத்தில் இவ்வளவு. இப்போது இந்த ஆயிரத்துச் சொச்ச எழுத்துகளையும் கூட்டி ஒரே மதிப்பெண் போடுகிறார்கள். வரிசையின் உச்சியில் நிற்கும் சில சதவீதத்தினரை இந்த மதிப்பெண் பழைய 18-ஐவிடத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. ஆனால் அந்த 25 லட்சத்தில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். தெற்காசியர் பங்கு மிகச் சிறியது. ஓர் இனத்தாரிடம் கணக்கிட்ட மதிப்பெண் மற்றோர் இனத்தாரிடம் தடுமாறும். கிரீன்லாந்தில் இன்யூட் மக்களிடம் 2014-இல் கண்ட ஒரு வேறுபாடு, இரண்டு பிரதி இருந்தால் ஆபத்தைப் பத்து மடங்கு கூட்டுகிறது. ஐரோப்பியர்களை மட்டும் எத்தனை லட்சம் பேர் தேடினாலும் அது கண்ணில் பட்டிருக்காது. உலகிலேயே அதிக எண்ணிக்கையில் சர்க்கரை நோயாளிகள் வாழும் நாடுகளில் ஒன்றான நம் நாட்டில் இப்படி எது ஒளிந்திருக்கிறது என்று தேட, நம் மக்களின் ரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். இதில் தாமதம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

2024 ஆய்வில் இன்னொன்றும் செய்தார்கள். அத்தனை சமிக்ஞைகளையும் அவை உடம்பில் செய்யும் வேலையை வைத்து எட்டுக் கூட்டமாகப் பிரித்தார்கள். பீட்டா செல்லைத் தொடுபவை ஒருபுறம், பருமனைக் கூட்டுபவை ஒருபுறம், கொழுப்பைத் தோலுக்கடியில் சேமிக்க முடியாமல் ஈரலுக்கும் வயிற்றுக்கும் தள்ளுபவை ஒருபுறம். பிரிட்டனில் வாழும் வங்கதேச, பாகிஸ்தானிய வம்சாவளியினரை வைத்து நடக்கும் ‘ஜீன்ஸ் அண்ட் ஹெல்த்’ ஆய்வு இதுபோன்ற ஒரு பிரிவை எடுத்துக்கொண்டது. ஒரே மொத்த மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். இன்சுலின் குறைச்சலுக்கும் கொழுப்புச் சேமிப்புக் கோளாறுக்குமான மதிப்பெண்கள் அதிகம் உள்ளவர்களுக்கு நோய் இளம் வயதிலேயே, குறைந்த எடையிலேயே வந்திருந்தது. மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசிக்குப் போகும் நாளும் அவர்களுக்குச் சீக்கிரம் வந்தது. எந்த நோயாளிக்கு எந்த மருந்தை முதலில் கொடுப்பது என்பதை இந்த மதிப்பெண்களை வைத்துத் தீர்மானிக்க முடியுமா என்று அந்த ஆய்வாளர்கள் இப்போது பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.